இரண்டு பாஷையில் கறந்த பால்

நடிகையின் சேலையைக் கட்டிக்கொண்டு நான் கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் செவலை காதை விடைத்துக்கொண்டு பின்வாங்கியது. வழவழவென்று நைலான் சேலை. நடந்தால் சரசரவென்று சத்தம். எந்த ஊரில் எந்தப் பொம்பளை இதைக் கட்டிக்கொண்டு சாணி மிதிப்பாள் என்று சினிமாக்காரர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு எதற்குமே வாய் வராது.

“செவலை, நாந்தான் சாமி” என்று மெல்லச் சொன்னேன்.

மாடு கழுத்தை நீட்டி என் கையை முகர்ந்தது. பவுடர் வாசம் பிடிக்காமல் ஒரு தும்மல் போட்டது. பிறகு காலை அகட்டி நின்றுகொண்டது. அதற்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது.

எதிரே மூன்று காலில் கேமரா. அதற்கு வலப்பக்கம் ஒரு நாற்காலியில் நாகமணி. இடப்பக்கம் இன்னொரு நாற்காலியில் அவர் சம்சாரம் சுபத்ரா. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம். இந்தப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நடத்தியதுதான் அந்தச் சினிமாக் கம்பெனி. ‘சேர்ந்து’ என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

போன வாரம் இந்தத் தொடரை எங்கள் ஊர்க் கிணற்றுச் சண்டையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், “உங்கள் வீட்டில் சினிமா எடுத்தார்களாமே, அதை ஏன் எழுதவில்லை?” என்று கேட்டுவிட்டார். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கம்பெனியைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கேட்ட பிறகு என்ன செய்வது?

ஒரு வண்டி, இரண்டு பெயர்

எங்கள் ஊர் கேரள எல்லையில், வடகரப்பதிக்குப் பக்கம். ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீசிலும் மலையாளம். வீட்டுக்குள் வந்தால் தமிழ். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர்கள் எங்கள் ஊரைப் பிடித்தார்கள். ஒரே ஊரைத் தமிழ்நாடு என்றும் காட்டலாம், கேரளம் என்றும் காட்டலாம்.

அவர்கள் வண்டி வந்து நின்ற நாள் நினைவிருக்கிறது. கடலைக்காய் பிடுங்கிக் காயப்போட்டிருந்தோம். வாசலெல்லாம் பச்சைக் கடலை வாசம். வண்டியின் ஒரு பக்கம் தமிழில் ‘நாகசுபா பிக்சர்ஸ்’ என்று எழுதியிருந்தது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் மலையாளத்தில் ‘சுபநாகா பிக்சர்ஸ்’.

என் மாமியார் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன்.

“ஏனுங் தம்பி, இது ரெண்டு கம்பெனிங்களா?” என்று டிரைவரைக் கேட்டார்.

“ஒண்ணுதானுங்காத்தா. ஆரு பேரு மொதல்ல வர்றதுன்னு அவுங்களுக்குள்ள தீரலை. அதான் ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கிட்டாங்க.”

“அப்ப வண்டி நேரா போகுதுங்களா?”

டிரைவர் சிரித்தார்.

நாகமணி பொள்ளாச்சிப் பக்கத்து எண்ணெய் மில் வீட்டுப் பிள்ளை. சுபத்ரா பாலக்காட்டில் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். நாகமணி அவரைத் திருவிழா மேடையில் பார்த்து மயங்கி, இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டாராம். மயங்கியவர் பிறகு தெளிந்துவிட்டார் என்பது நான் காப்பி கொண்டுபோகும்போதெல்லாம் தெரிந்தது.

முதல் படத்தைத் தமிழில் மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஓடவில்லை. “நான் பறஞ்சது ஒண்ணும் கேட்டில்லா, அதான்” என்பார் சுபத்ரா. “நீ சொன்னதுல பாதியக் கேட்டேன் பாரு, அதான்” என்பார் நாகமணி. எங்கள் முன்னறையில் தங்கியிருந்த நாளெல்லாம் இதே பேச்சு. காப்பி ஆறுவதற்குள் ஒரு முறையாவது அந்தப் படம் மறுபடி ஓடாமல் போகும்.

கடைசியில் ஒரு பஞ்சாயத்துக்கு வந்தார்களாம். ஒரே கதை, ஒரே நடிகர்கள், ஒரே கேமரா. படம் மட்டும் இரண்டு. தமிழ்ப் படம் நாகமணியுடையது, மலையாளப் படம் சுபத்ராவுடையது. ஒவ்வொரு காட்சியையும் முதலில் அவர் தமிழில் எடுப்பார். பிறகு அவர் எழுந்து போய்ச் சிகரெட் பற்றவைக்க, இவர் வந்து அதையே மலையாளத்தில் எடுப்பார். சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் நடுவில் சுவர் வைப்பார்களே, அந்த மாதிரி.

கதையும் ஒன்றும் பெரிதில்லை. ஒரு குடிகாரன், அவன் பெண்டாட்டி, ஒரு மாடு. கதாநாயகியாக வந்த பெண்ணுக்கு எந்த நேரத்தில் எந்தப் பாஷை என்றே பிடிபடாது. தமிழ்ப் படத்தில் “எந்தா சேட்டா” என்பாள். மலையாளப் படத்தில் “அத்தான்” என்று கூப்பிடுவாள். ஊரே வேலியில் தொற்றிக்கொண்டு சிரிக்கும்.

மாமனாரின் தோள்

இவ்வளவு கூத்துக்கும் எங்கள் வீட்டை எதற்குக் கொடுத்தோம்? என் மாமனாருக்குப் படத்தில் வர ஆசை. ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்லுகிற மனுஷர். வெளியே சொல்லவும் வெட்கம், விடவும் மனசில்லை.

நாகமணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். “கவுரவமான ஒரு பெரியவர் வேசம் இருக்குதுங்க. உங்க மொகவெட்டுக்குன்னே எழுதுன மாதிரி” என்றார். மாமனார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புது வேட்டியை எடுத்துக் கட்டினார்.

நாளெல்லாம் வெயிலில் உட்காரவைத்தார்கள். மீசையை அவர் முறுக்கிய முறுக்கில் பாதி உதிர்ந்திருக்கும். கேமரா என்னவோ அவருக்குப் பின்னால்தான் நின்றது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கவுரவம்.

களையில்லாத முகம்

சிக்கல் செவலையால் வந்தது. கதாநாயகி மாடு கறக்கிற காட்சி. அவள் கிட்டே போனாள். செவலை ஒரு உதை விட்டது. பால் கறக்கும் போசி ஒரு பக்கம், நடிகை ஒரு பக்கம். சாணியில் உட்கார்ந்தபடி அவள் அழுத அழுகைதான் அந்தப் படத்திலேயே உருப்படியான நடிப்பு. கேமராவைத்தான் ஓட்டாமல் விட்டுவிட்டார்கள்.

சுபத்ரா நேராக எங்கள் அடுப்படிக்கு வந்தார். நான் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மே, சேச்சியோட கை மாத்திரம் மதி” என்றார் என்னைக் காட்டி, என் மாமியாரிடம். “நடிகையோட சாரி உடுத்து, குனிஞ்சு இருந்து பால் கறந்தா போதும். முகம் வராது.”

அப்போது என் நாத்தனாருக்கு முதலமடையில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். மாந்தோப்புக்காரர் வீடு. மாமியாருக்கு அந்த வீட்டுப் பெயரைச் சொன்னாலே வாயில் மாம்பழம் இனிக்கும்.

“நெசமா வராதுங்களா?” என்றார்.

“குருவாயூரப்பன் சத்தியம்.”

“வந்துச்சுன்னா என்ர புள்ளைக்கு வந்த எடம் நின்னு போயிருமுங்க. கூத்தாடுற ஊட்ல பொண்ணெடுக்க மாட்டோம்னு எந்திரிச்சுப் போயிருவாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம்புள்ள, கேட்டுக்கோ. மொகம் வந்துச்சுன்னா அன்னைக்கே உங்கம்மா ஊட்டுக்கு நடையக் கட்டிக்கோணும்.”

“சரிங்கத்தே” என்றேன், முறத்தைப் பார்த்தபடி.

“அதும் இவ மொகத்த எவனுங்க புடிப்பான்? களையே இல்லாத மூஞ்சி” என்று சுபத்ராவிடம் சிரித்தார்.

இது புதுப் பேச்சில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டதுதான். ஆனால் என்னைப் பற்றி ஒரு பெருமையும் அவர் சொல்லுவார்: “எங்கூட்டு மருமவ குனிஞ்ச தல நிமிர மாட்டா.” நிமிராத தலையில் களை இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மலையாளத்துக்கு இன்னொரு மடி

ஆக, நைலான் சேலையில் நான் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் தமிழ். நாகமணி கையைத் தூக்கினார். கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டி, மடியைக் கழுவிக் கறக்க ஆரம்பித்தேன். சர் சர்ரென்று போசியில் நுரை ஏறியது. கை தன் வேலையைப் பார்த்தது. கேமரா மறந்தே போனது.

கன்றைக் கட்டியவர் சினிமாக்காரர். கட்டிய முடிச்சும் சினிமா முடிச்சு. பாதிக் கறவையில் அது அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து என் விலாவில் ஒரு முட்டு முட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே நிமிர்ந்து, “அட கழுதை” என்று அதைப் பார்த்தேன். காலை வெயில் நேரே மூஞ்சியில் விழுந்தது.

நாகமணி ‘கட்’ சொல்லவில்லை.

“நிறுத்து! முகம் வந்நு!” என்று சுபத்ரா எழுந்து கத்தினார்.

“சும்மா இரு. இந்தப் படத்துலயே இதொண்ணுதான் நல்லா வந்திருக்குது” என்றார் அவர்.

“பற்றில்லா, முடியாது. நான் வாக்கு கொடுத்தாச்சு.”

“சரி சரி, பொறகு வெட்டிக்கலாம்.”

என் மாமியார் அந்த நேரம் தவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் நடிகையின் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை; அவர்கள் கத்துவது தினம் நடப்பதுதானே என்று காதிலும் வாங்கவில்லை. நான் தலையைக் குனிந்து மிச்சப் பாலையும் கறந்து முடித்தேன்.

“இனி என்டெ டேக்” என்று சுபத்ரா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சேச்சி, ஆதியிலேர்ந்து கறக்கணும், கேட்டோ.”

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் மாட்டைப் பார்த்தார்.

“ஏனுங்கம்மிணி,” என்றார் சுபத்ராவிடம், “மலையாளத்துக்குன்னு இன்னொரு மடி வெச்சிருக்குதுங்களா?”

வேலியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறின. கேமராவுக்குப் பிலிம் எங்கே, கண்ணாடி எங்கே என்றெல்லாம் தெரிந்த இரண்டு பேருக்கு, காலையில் கறந்த மாடு சாயங்காலம் வரை கறக்காது என்பது தெரியவில்லை. தெரியாதது பரவாயில்லை. அதற்கு அவர்கள் போட்ட சண்டைதான்!

“மொதல்ல எப்பவும் தமிழ்னு ஆரு சொன்னது? இன்னிக்கு எனிக்கு பால் இல்லா!”

“நான் குடிச்சுட்டனாக்கும்?”

சாயங்காலம் மறுபடி எடுத்தார்கள். கன்றை நானே கட்டினேன். இந்த முறை சுபத்ரா என் கைகளை மட்டும் எடுத்தார். சொன்ன சொல் தவறவில்லை.

வேலியோரம் ஒரு சேதி

சில மாதம் கழித்து, நான் கொறங்காட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது சுபத்ரா தனியாக ஒரு டாக்சியில் வந்து இறங்கினார். இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு.

“சேச்சி, பேடிக்காதே” என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் பயப்பட வேண்டாத சேதியா கொண்டுவருவார்கள்? “என்டெ படத்துல உன் கை மாத்திரம். அவன்டெ படத்துல முகம் உண்டு. அப்படியே வெச்சிருக்கான்.”

மாடு பக்கத்துக் காட்டில் வாய் வைத்தது; நான் ஓட்டவில்லை.

“நான் சண்டை போட்டு. ‘வாக்குக் கொடுத்தது நீ, அதும் மலையாளத்துல. என் படம் தமிழ்’னு சொல்றான்.”

வேலி முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு இந்த ஆள் எந்தப் பாஷையில் கணக்குப் பார்க்கிறார் பாருங்கள். சுபத்ரா என் கையைப் பிடித்து, மன்னிச்சுக்கோ என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான். சத்தியம் செய்வதற்கு முன்னால் தன் வீட்டில் தன் சொல் செல்லுமா என்று பார்த்திருக்க வேண்டாமா?

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. அவர் நல்லவர். ஆனால் அவருக்கு முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு வயல். என் முறை வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

கொட்டாயில்

மலையாளப் படம் முதலில் வந்தது. மாமனார் பாலக்காடு போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் மீசையை முறுக்கவே இல்லை. அவர் அதில் இல்லவே இல்லையாம்.

தமிழ்ப் படம் பக்கத்து ஊர்க் கீற்றுக் கொட்டாய்க்கு வந்தது. நாகமணி வாக்குக் கொடுத்த படம் இதுதான், இதில் கட்டாயம் இருப்போம் என்று மாமனாருக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது. அதோடு விட்டாரா? முதலமடைச் சம்பந்தி வீட்டாரையும் படம் பார்க்க அழைத்துவிட்டார்.

“தலை வலிக்குதுங்கத்தே, நான் ஊட்லயே இருக்கறனுங்க” என்றேன்.

“ஒறம்பரை வர்றாங்க, காப்பி ஆரு வெப்பா? ஆரு தொணைக்கு வருவா? கெளம்பு புள்ள” என்றார் மாமியார்.

சம்பந்தியம்மாவுக்குக் காப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “அடக்கமான மருமவ” என்றார். நான் அவர் பாதத்தை மட்டும்தான் பார்த்தேன். வெள்ளி மிஞ்சி, நல்ல கனம்.

போகிற வழியெல்லாம் எங்கம்மா வீட்டுக்கு எந்த பஸ் ஏறுவது என்றே நினைத்துக்கொண்டு போனேன். என் துணியில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

கொட்டாயில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்பளவு மண்சுவர். எனக்கு வலப்பக்கம் மாமியார். அவரைத் தாண்டிச் சம்பந்தியம்மா. மணல் சில்லென்றிருந்தது. யாரோ வறுத்த கடலையை உடைக்கும் சத்தம். படம் தொடங்கியதிலிருந்து நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஆண்கள் பக்கமிருந்து மாமனார் கத்தினார்: “அது நாந்தானுங்க! அந்தத் தோளு! துண்டு போட்ட தோளு!”

தலையை உயர்த்துவதற்குள் தோள் போய்விட்டது. அவ்வளவுதான் அவர் நடித்தது. நாளெல்லாம் முறுக்கிய மீசை எங்கேயும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

பிறகு கட்டுத்தரை வந்தது.

வெள்ளித்திரையில் எங்கள் செவலை. அடுத்து என் கை. போசி. நுரை. கன்று ஓடிவந்தது. திரை நிறைய என் முகம். கொட்டாய்க் கூரை உயரத்துக்கு ஒரு முகம், பல் தெரியச் சிரித்து, கண்ணை நிமிர்த்தி, நேரே எங்களைப் பார்த்தது.

அதுவரை என் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கே தெரியாது. எங்கள் வீட்டுக் கண்ணாடி பொட்டு வைக்கிற அளவுதான்.

“அட, நம்ம செவலை!” என்று மாமியார் என் தொடையில் ஓங்கித் தட்டினார். “பாருங்க சம்பந்தி, எங்கூட்டு மாடு! கொம்பப் பாருங்க!”

பெண்கள் பக்கமே எழுந்து மாட்டைப் பார்த்தது. நான் வெயிலில் போட்ட வாழையிலையாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

“மாடு சரிங்க,” என்றார் சம்பந்தியம்மா, “அந்தப் புள்ளையப் பாருங்க. என்ன களைங்க அந்த மொகத்துல!”

மாமியார் திரையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

“கை மட்டுந்தான் உன்னுது. மொகத்துக்கு அந்த நடிகைக்காரியப் போட்டுட்டாங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க, பாத்தியா?” இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். “ஆயிரஞ் சொல்லு, நடிகைக்காரி நடிகைக்காரிதான். மூஞ்சின்னா அது மூஞ்சி.”

“ஆமாங்கத்தே” என்றேன்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் மட்டும் யோசனையாக நடந்தார். “ஏம்புள்ள, அந்த நடிகைய ஒதைச்சுத் தள்ளுச்சே செவலை. பொறகெப்படி அவள அண்டவிட்டுச்சு?” என்றார்.

“பழகியிருக்குமுங்க” என்றேன்.

அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

இரண்டு முடிவு

இரண்டு படமும் ஓடவில்லை. நாகமணியின் படத்தில் கடைசியில் பெண்டாட்டி வந்து புருஷன் காலில் விழுகிறாள். சுபத்ராவின் படத்தில் புருஷன் வந்து பெண்டாட்டி காலில் விழுகிறான். எது சரி என்று சண்டை போட்டுக்கொள்ளக்கூடக் கொட்டாயில் ஆள் இல்லை. அதற்கு முன்பே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் படத்தோடு கம்பெனி முடிந்தது. அவர் எண்ணெய் மில்லுக்குத் திரும்பினார். இவர் மறுபடி நாடகத்துக்குப் போனதாகக் கேள்வி. யாரும் யார் காலிலும் விழவில்லை. வண்டி கொஞ்ச காலம் எங்கள் பக்கத்து மாங்காய் மண்டியில் ஓடியது. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

எங்களுக்குச் சத்தியம் செய்து, அதைக் காப்பாற்றிய சுபத்ராவிடம் என் கை மட்டும் மிஞ்சியது. வாக்கை மதிக்காத மனுஷனிடம் என் முகம் இருந்தது. இதில் யாரைத் திட்டுவது என்று இன்னும் தீரவில்லை. வசதியாக, இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறவில்லை.

படம் பார்த்த மறுநாள் காலை வழக்கம்போலப் போசியோடு கட்டுத்தரைக்குப் போனேன். பழைய நூல் சேலை. செவலை ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. மாமியார் தவிட்டைக் கரைத்துக்கொண்டே என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“நேத்தைக்கு அந்தப் புள்ள மொகத்தப் பாத்தயல்லொ? நம்மூட்லயும் ஒண்ணு இருக்குதே, களையில்லாம.”

“ஆமாங்கத்தே” என்றேன்.

நெற்றியைச் செவலையின் வயிற்றில் வைத்து நன்றாகக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள் எவ்வளவு சிரித்தாலும் வெளியே தெரியாது.